மேகம் பார்த்து அளந்த நிலம்

சென்ற மாதம், எங்கள் நகராட்சியில் இப்போது சர்வேயராக இருக்கும் பெண் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பழைய நிலப் பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். ஒரு பக்கத்தில் வந்து வேலை நின்றுவிட்டது.

"பழைய சந்தைத் திடல்னு ஒரு பதிவு இருக்கு சார். முதல்ல 'உபயோகமற்ற உவர் நிலம்'னு எழுதி அடிச்சிருக்கு. அதுக்கு மேல சிவப்பு மையில வேற எழுதியிருக்கு. ரெண்டுக்கும் கீழ உங்க கையெழுத்துதான். ஃபைலைக் காணோம். எதை நான் ஏத்தட்டும்?"

"சிவப்பு மையில இருக்கதை ஏத்துங்கம்மா" என்றேன்.

"ஏன் அடிச்சீங்க சார்?"

"தப்பா எழுதுனேன், அதான் அடிச்சேன்."

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். எனக்குத்தான் அன்று முழுவதும் இருப்புக்கொள்ளவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, நல்ல பெயரோடு மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றவன் நான். வழியனுப்பு விழாவில் பேசியவர்கள் யாருக்கும் அந்த அடித்தல் கதை தெரியாது. ஆபீஸில் அது தெரிந்தவர்களில் இப்போது மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதி வைக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மல்லாங்கிணறு. மானாவாரி விவசாயக் குடும்பம். பள்ளிப்படிப்பு முடிந்ததும் சர்வே பயிற்சிக்கு அனுப்பினார்கள். வெயிலில் சங்கிலி இழுத்ததையும், விடுதிச் சாப்பாட்டில் புழு கிடந்ததையும் தவிர அந்த நாட்களைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஐம்பதுகளின் கடைசியில், அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில், விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட ஒரு நகராட்சியில் வேலை கிடைத்தது. ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் விடுகிறேன். தப்பு என்னுடையது, ஊரைச் சந்திக்கு இழுப்பானேன்?

சர்வேயர் என்றால் அப்போது ஒரு இரும்புச் சங்கிலி. அறுபத்தாறு அடி நீளம், நூறு கண்ணிகள். சித்திரை வெயிலில் அதைப் பிடித்தால் உள்ளங்கை கொப்பளித்துவிடும். வெயிலில் இரும்பு நீளுவதால் அளவும் இம்மி பிசகும். ஆகவே நாங்கள் மேகம் போட்ட நாளுக்காகக் காத்திருப்போம். நானோ மானாவாரிக்காரன் மகன். வானம் கறுத்தாலே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும். ஆபீஸ் ஜன்னல் இருட்டிக்கொண்டு வந்தால் போதும், "அண்ணாச்சி, கிளம்புவமா" என்று சங்கிலி பிடிக்கிற மாடசாமி அண்ணாச்சியைக் கூப்பிட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவேன். அவரும் சந்தோஷமாக வருவார். குளுகுளுவென்று வேலை முடிந்துவிடும். இதை என் சாமர்த்தியம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மேனேஜர் காசிம் சார். விருதுநகரில் வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் மிளகாய் வற்றல், பருப்பு என்று மண்டியில் உட்கார, இவர் மட்டும் உத்தியோகத்துக்கு வந்தவர். எந்தக் கோப்பையும் உட்கார்ந்து படிக்க மாட்டார். எழுந்து ஜன்னலோரம் போய் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்கு அருகே பிடித்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்துப் படிப்பார். எழுதியவன் அதுவரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் நிற்க, நாம் உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. படித்து முடித்ததும் மூன்று கேள்வி கேட்பார்.

"எப்பப் பாத்தீக? எங்கன நின்னு பாத்தீக? யாரு கூட இருந்தாக?"

ஒரு தடவை, சந்தை ஓரத்தில் ஒருவர் ரோட்டை மறித்துச் சுவர் எடுத்துவிட்டதாக நான் குறிப்பு எழுதிப்போனேன். மூன்று கேள்வியோடு நாலாவதாக ஒன்று கேட்டார். "நின்னு பாத்தீகளா, சைக்கிள்ல போகையில பாத்தீகளா?" சைக்கிளில் போகையில்தான் பார்த்திருந்தேன். தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். திரும்பப் போய்ச் சங்கிலி போட்டுப் பார்த்தால், அந்த மனிதர் தன் எல்லைக்குள் இரண்டடி தள்ளியே சுவர் எடுத்திருந்தார். காசிம் சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

இந்த மனிதர் தன் மகள் கல்யாணத்துக்காக மூன்று வாரம் விடுப்பில் போயிருந்த சமயத்தில்தான் அந்த மனு வந்தது.

ஊரின் தெற்கே வாரச்சந்தை கூடின இடம் ஒன்று இருந்தது. சந்தையை ரயிலடிப் பக்கம் மாற்றி ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டதால் திடலைக் கவனிப்பார் இல்லை. பாதிக்கு மேல் முள் மரம் மண்டிக்கிடந்தது. மீதி வெறும் பொட்டல். சுற்றிலும் இருந்த தெருக்களில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டினார்கள். மனுப் போட்டது அந்தத் தெருப் பெண்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் எழுதிக்கொடுத்தது. அவருக்கென்று ஒரு நடை உண்டு. "பாழடைந்து, யாதொருவருக்கும் யாதொரு உபயோகமுமின்றி, விஷ ஜந்துக்களின் இருப்பிடமாய்க் கிடக்கிற மேற்படி திடலை" என்று ஆரம்பித்து, முள்ளை வெட்டி, மேடு பள்ளம் நிரவி, குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடலும், ஓரத்தில் ரேடியோ வைத்த சிறு பூங்காவும் அமைத்துத் தருமாறு கேட்டிருந்தது. கீழே நாற்பது பேருக்கு மேல் கைநாட்டு. முதல் கைநாட்டு வேலம்மாள் என்பவருடையது.

ஸ்தலத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதுமாறு எனக்கு உத்தரவு வந்தது. ஒரு வாரம் வெயில் வறுத்தது. நான் அசையவில்லை. எட்டாம் நாள் காலையில் தூறல் போட்டு வானம் மூடிக்கொண்டது. மாடசாமி அண்ணாச்சியும் நானும் போய் இரண்டு மணி நேரத்தில் அளந்து முடித்தோம். திடலில் ஒரு ஈ காக்கை இல்லை. பொட்டல் பக்கத்துத் தரையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. உவர் என்று நினைத்தேன். படத்தில் அந்த இடத்தைக் கோடு போட்டு அடைத்து, "உவர் நிலம். உபயோகமற்றது. எவர் அனுபவத்திலும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதிவேட்டிலும் அதையே ஏற்றினேன்.

மனுவும் உபயோகமற்றது என்கிறது, சர்வேயரும் உபயோகமற்றது என்கிறான். சேர்மன் அதைப் பார்த்தார். நகராட்சி இடம் சும்மா கிடப்பதைவிடக் குத்தகைக்கு விடலாமே என்று அவருக்குத் தோன்றியது. காகிதம் அடுக்கி வைக்கக் கிட்டங்கி போடுவதற்கு ஒரு கம்பெனி ஏற்கெனவே இடம் கேட்டுக்கொண்டிருந்தது. ஏலம் விடுவதென்று கூட்டத்தில் தீர்மானம் ஆயிற்று. காசிம் சார் இருந்திருந்தால் என் குறிப்பு ஜன்னலைத் தாண்டியிருக்காது.

தெருவில் தண்டோரா போட்ட மறுநாள் காலை, பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஆபீஸுக்கு வந்துவிட்டார்கள். காசிம் சார் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். முன்னால் நின்றவர் ஒல்லியாக, நெட்டையாக, முப்பது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வெடித்திருந்தது. அவர்தான் வேலம்மாள்.

"இங்கன சர்வேயரய்யா யாரு?" என்றார்.

நான் எழுந்தேன்.

"எங்க திடலு யாரு அனுபவத்துலயும் இல்லன்னு எழுதிக் கொடுத்தீகளாமே. என்னத்தைப் பாத்து எழுதுனீக?"

"நீங்கதானம்மா பாழாக் கிடக்குன்னு மனுவுல எழுதியிருக்கீக."

"முள்ளுப் பாதிதான் பாழு! அந்த எளுத்துக்காரரு அப்படி எளுதுனாத்தான் துரைமாரு மனசு எரங்கும்னு எளுதிப்புட்டாரு. எங்களுக்கு எளுத்துத் தெரியாது. உங்களுக்குக் கண்ணு தெரியுமில்ல?"

ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கைநாட்டு வைக்கிற ஒரு பெண் என் உத்தியோகத்தைக் கேள்வி கேட்பதா என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். "வாங்க, இப்பவே போய்ப் பாப்போம்" என்று சைக்கிளை எடுத்தேன். அவர் பொய் சொல்கிறார் என்று நிரூபித்துவிடுகிற வேகம் எனக்கு.

பதினோரு மணி. மண்டையைப் பிளக்கிற வெயில். திடலுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பொட்டல் முழுவதும் தீப்பெட்டிகள். சாக்கு விரித்து, பாய் விரித்து, ஓலைத் தடுக்குப் போட்டு, வெறுந்தரையிலும்கூட, ஒட்டி ஈரம் காயாத பெட்டிகள். கால் வைக்க இடமில்லை. வீடு வீட்டுக்கு எல்லை பிரித்துச் செங்கல் துண்டுகள் வைத்திருந்தார்கள். என் சர்வே கற்களைவிட அவை ஒழுங்காக இருந்தன.

"நீங்க வந்த அன்னைக்கித் தூத்தல் விளுந்துச்சு" என்றார் வேலம்மாள். "ரெண்டு துளி விளுந்தா நாங்க அம்புட்டையும் அள்ளிருவோம். நனைஞ்ச பெட்டிய கம்பெனியில எடுக்க மாட்டாக. அன்னைக்கித் திடலு தொடைச்சு விட்ட மாதிரித்தான் இருக்கும்."

நான் அப்போதும் விடவில்லை. "தரையில உவர் பூத்திருக்கே, அது பொய்யா?"

அவர் குனிந்து, கால்மாட்டில் இருந்த வெள்ளைப் பொருக்கை நகத்தால் பெயர்த்து என் முன் நீட்டினார். வெயிலில் அதில் லேசான பச்சை தெரிந்தது. ஓரத்தில் தீப்பெட்டிக்கு ஒட்டுகிற ஊதாக் காகிதத்தின் நார் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மைதாப் பசை. பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் போட்டுக் காச்சுவோம். உவர் மண்ணுல மயில்துத்தம் விளையுமா சர்வேயரய்யா?"

கரிசல் காட்டில் பிறந்தவன் நான். உவர் எது, பசை எது என்று தெரியாமல் போனது. தெரியாமல் இல்லை, குனிந்து பார்க்கவில்லை. எனக்குக் குளிர்ச்சியான நாள் எதுவோ அதுதான் அவர்களுக்குப் பிழைப்புக் கெட்ட நாள். அந்த நாளாகப் பார்த்துப் பார்த்து நான் ஊரை அளந்திருக்கிறேன்! இந்த ஒரு திடல்தானா, இன்னும் எத்தனை இடத்தை இப்படி எழுதி வைத்தேனோ!

"காயப்போட இடம் வேணும்னு மனுவுல ஒரு வார்த்தை போடலையேம்மா" என்றேன். என் குரல் இறங்கியிருந்தது.

"அது எங்க பாடு, எப்படியும் கழியும். நாங்க கேட்டது பிள்ளைகளுக்கு." அவர் திரும்பி, "ராசாத்தி, இங்கிட்டு வா" என்று கூப்பிட்டார். ஏழு வயதுப் பெண் குழந்தை வந்தது. வேலம்மாள் அதன் வலது கையை எடுத்து என்னிடம் காட்டினார். மூன்று விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. "சாயந்தரம் நாங்க பெட்டிய எடுத்தப்புறம் இங்கன விளையாடுவாக. பத்துப் பிள்ளைகளுக்குத்தான் இடம் காணும், மிச்சமெல்லாம் முள்ளு. பெரிய பயலுக சடுகுடு ஆடுனா சின்னதுகள வெரட்டிருவானுக. இதுக எங்க போகும்? வேட்டுக் கம்பெனி குப்பைமேட்டுக்குப் போவுதுக. கலர்க் காயிதம் பெறக்குதேன்னு போயி, எது வெடிமருந்து எது மண்ணுன்னு தெரியாமத் தொட்டுப்புட்டா. முள்ளு வெட்டுனா அம்புட்டுப் பிள்ளைகளும் இங்கனயே கிடக்கும். அதுக்குத்தான் மனுக் கொடுத்தோம். நீங்க உள்ளதையும் பிடுங்கிக் கொடுத்துட்டீக."

அந்தக் குழந்தை கையை விடுவித்துக்கொண்டு ஓடிவிட்டது. எனக்கு அதன் முகத்தைப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

ஆபீஸுக்குத் திரும்பி நேராகக் காசிம் சாரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். கோப்பை வரவழைத்து ஜன்னலோரம் நின்று என் பழைய குறிப்பைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். அதில் மொத்தம் ஆறு வரிதான்.

"எப்பப் பாத்தோம்னு இதுல போடலையே நீங்க."

"போடலை சார்."

"தீர்மானம் ஆயிட்டுது. ஏலத்துக்கு இன்னும் பதிமூணு நாள் இருக்கு. அடுத்த வாரம் கூட்டம். சர்வேயர் குறிப்பை நம்பிப் போட்ட தீர்மானம் இது. அந்தக் குறிப்பு தப்புன்னா, அதை எழுதுனவரே எழுதிக் கொடுக்கணும். வேற யாரு எழுதினாலும் நிக்காது."

"எழுதித் தாரேன் சார்."

"அவசரப்படாதீக. உங்களுக்குப் பிராபேஷன் இன்னும் முடியல. தப்பா ரிப்போர்ட் கொடுத்தேன்னு நீங்களே எழுதினா, விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க வேண்டியது நான். கொடுப்பேன். அதுல சலுகை காட்ட முடியாது. ரெண்டு நாள் யோசிச்சுட்டு வாங்க."

அப்போது எனக்குச் சாத்தூர்ப் பக்கம் ஒரு இடத்தில் பெண் பார்த்திருந்தார்கள். உத்தியோகம் எப்போது நிரந்தரமாகும் என்று அவர்கள் வாரம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவிடம் சொன்னால், "நீ ஏண்டா வாயைக் குடுத்து மாட்டிக்கிடுதே?" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் பார்த்த அன்று அங்கே ஒருவரும் இல்லை என்பது உண்மைதானே? பொய் எழுதவில்லையே? இப்படியே ஒரு நாள் முழுக்க எனக்கு நானே வக்கீலாக இருந்து வாதாடினேன். வழக்கு நிற்கவில்லை. ஊரில் எல்லோரும் வெயிலைப் பார்த்துப் பிழைக்கும்போது, என் கை சுடும் என்பதற்காக வெயிலில்லாத நாளில் போய்ப் பார்த்துவிட்டு, ஒருவரும் இல்லை என்று எழுதியவன் நான். இதைப் பொய் என்று சொல்லாமல் வேறு எந்தப் பெயரால் சொல்வது?

இரண்டாவது நாள் நான் யோசிக்கவில்லை. வேலையை ஆரம்பித்தேன். உச்சி வெயிலில் சங்கிலியோடு போய், பெட்டி காய்கிற பரப்பை அளந்தேன். மாடசாமி அண்ணாச்சி கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, "ஏலே, உனக்கு என்ன கிறுக்கா?" என்று வழி நெடுகத் திட்டினார். ஆனாலும் விடாமல் பிடித்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய், பிள்ளைகள் விளையாடுகிற இடத்தைத் தனியாக அளந்தேன். முள்ளடர்ந்த பகுதியைத் தனியாக அளந்தேன். ஒவ்வொரு தடவையும் மணி என்ன, எந்தக் கல்லருகே நின்றேன், கூட இருந்தவர் யார் என்று எழுதி, அவர்கள் கைநாட்டையும் வாங்கினேன். கடைசியில் இப்படி எழுதினேன்: "முதல் பார்வைக்கு மேகமூட்டமான நாளை நான் தேர்ந்தது என் வசதிக்காக. தரையில் உள்ளது உவர் அல்ல, பசை. என் முந்தைய குறிப்பு தவறு."

காசிம் சார் ஜன்னலோரம் நின்று படித்தார். அன்று மூன்று கேள்வியும் கேட்கவில்லை. மேஜைக்கு வந்து, தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்த மெமோவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். "பெற்றுக்கொண்டேன்னு எழுதுங்க" என்றார். எழுதினேன். அப்புறம் இரண்டு பேருக்கும் டீ வரவழைத்தார்.

நகராட்சிக் கூட்டம் நடந்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கூட்டம் பத்து மணிக்கு. ஒன்பதரைக்கே தெருப் பெண்கள் எல்லோரும் கூடையும் சாக்குமாக வந்து சேர்ந்தார்கள். ஆபீஸ் முன்வாசலில் சாக்கை விரித்துப் பெட்டிகளைப் பரப்ப ஆரம்பித்தார்கள். வாட்ச்மேன் ஓடி வந்து தடுத்தார்.

"கூட்டம் முடிய எம்புட்டு நேரமாவும்னு தெரியாது அண்ணே" என்றார் வேலம்மாள். "ஒரு நாள் வேலையைப் போட்டுட்டு வர எங்களால ஆகாது. அதான் கையோட கொண்டாந்துட்டோம். இது காயுற வரைக்கும் நாங்க இங்கனதான் இருப்போம்."

பத்து வீட்டுப் பெட்டி பரப்புவதற்குள் முன்வாசல் நிறைந்துவிட்டது. மிச்சப் பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார்கள். சேர்மன் கார் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட, அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே தாண்டித் தாண்டி வந்தார். கவுன்சிலர்களும் அப்படியே. திடல் உபயோகத்தில் இருக்கிறதா இல்லையா என்பதற்கு அதற்குமேல் என் குறிப்பே தேவைப்படவில்லை. இருந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி வாசிக்கச் சொன்னார்கள். "என் வசதிக்காக" என்ற இடத்தையும் நிறுத்தாமல் வாசித்துவிட்டேன்.

சேர்மன் கெட்டவர் அல்ல. வருமானத்துக்கு வழி தேடினவர், அவ்வளவுதான். "ஏலத்தை நிறுத்திருவோம்" என்றார் உடனே. வெளியில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். அப்போதுதான் காசிம் சார் எழுந்தார்.

"பதிவேட்டுல ஒரு இடத்துக்கு ஒரே ஒரு உபயோகம்தான் எழுத முடியும். காயவைக்கிற களம்னு எழுதினா அது தொழில் உபயோகம் ஆயிரும். தொழிலுக்கு விடுற இடத்தை யாரும் கேக்கலாம், வருஷா வருஷம் ஏலம் விட்டே ஆகணும். விளையாட்டுத் திடல்னு எழுதினா ஏலத்துக்கு வராது. ஆனா அதுல பெட்டி காயப்போட்டா ஆக்கிரமிப்பு. கேட்டவுக எதுன்னு சொல்லட்டும்."

எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. கிடைத்த ஒன்றையும் இரண்டாகக் கிழித்துப் போடுகிறாரே, இந்த மனிதருக்கு இருதயமே கிடையாதா என்று நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது சட்டம். அதை அன்றைக்குச் சொல்லாமல் விட்டிருந்தால், அடுத்த வருஷம் வேறு யாராவது சொல்லி, திடல் கிட்டங்கியாகியிருக்கும். இது புரிய எனக்குச் சில காலம் பிடித்தது.

வராந்தாவில் பெண்களுக்குள் சண்டை வந்துவிட்டது. "மழைக்காலம் முடிஞ்சு இப்பத்தான் ஆர்டரு வருது, எங்கன காயப்போடுவே? உன் வீட்டுக் கூரையிலயா?" என்று ஒரு அம்மாள் வேலம்மாளைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் அழுதார். வேலம்மாள் எல்லோரையும் பேசவிட்டார். பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய், "உன் மகன் சாயந்தரம் எங்கன போறான்?" என்று மட்டும் கேட்டார். கால் மணி நேரம் கழித்துக் கூட்ட அறை வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளைக விளையாடுற இடம்னு எழுதிக்கிடுங்கய்யா" என்றார். "ரேடியோவும் கேட்டிருந்தோம். அதையும் மறந்துராதீக."

பதிவேட்டில் சிவப்பு மையில் நான் எழுதியது அதைத்தான்: "விளையாட்டுத் திடல்." முள்ளை வெட்டி, வேரோடு தோண்டி எடுத்து, நிரவி முடிக்க இரண்டு மாதம் ஆனது. சுற்றிலும் கம்பி வேலி போட்டார்கள். ரேடியோ வர மேலும் இரண்டு வருஷமும், வேலம்மாளின் ஐந்து மனுக்களும் தேவைப்பட்டன. எனக்குப் பிராபேஷனை ஆறு மாதம் நீட்டினார்கள். சாத்தூர்ச் சம்பந்தம் தட்டிப்போயிற்று. அந்தப் பெண்ணின் போட்டோவைத் திருப்பி அனுப்பிய அன்று எனக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது.

வேலி போட்டு முடித்த வாரத்தில், கற்களைச் சரிபார்க்கத் திடலுக்குப் போனேன். வெயில் கொளுத்துகிற மத்தியானம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். திடல் மட்டமாக, சுத்தமாக, காலியாகக் கிடந்தது. முள் இருந்த இடமும் சேர்ந்து இப்போது பழையதைப் போல இரண்டு பங்கு. வெளியே சந்தில், வீட்டு வாசல்களில், சாக்கடை மேல் பலகை போட்டு, சுவரோரம் ஒரு முழம் வெயில் விழுகிற இடத்திலெல்லாம் பெண்கள் பெட்டி பரப்பியிருந்தார்கள். மாட்டு வண்டி வந்தால் அள்ளுவது, போனால் பரப்புவது. வேலம்மாள் ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இடம் தேடி வந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"உள்ள கொண்டு போய்ப் பரப்புங்கம்மா. நாலு மணிக்குள்ள காஞ்சிரும். பிள்ளைக வர்றதுக்கு முன்ன எடுத்துரலாம். இங்கன யாரு பாக்கப் போறா?"

அவர் கூடையை இறக்கவில்லை. திடலை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீங்க பாக்கீகளே சார்" என்றார். "இன்னைக்கி நாங்க ஒரு சாக்கு விரிச்சா, நாளைக்கிக் கம்பெனிக்காரன் வந்து, இவுகளே தொழில் பண்ணுதாக, எனக்கும் ஒரு மூலை கொடுன்னு கேப்பான். அப்ப நீங்க என்னன்னு எளுதுவீக?"

நான் திடலைத் திரும்பிப் பார்த்தேன்.

"கேட்டைச் சாத்திட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, அந்த நெட்டைப் பெண் கூடையோடு சந்துக்குள் வெயில் பட்ட இடமாகப் பார்த்து நடந்தார். நான் கேட்டைச் சாத்தினேன்.